எதிரணி வராத ஃபைனல்: சிட்னி, 1909

இந்த வாரம் ஒரு விளையாட்டுக் கதை. கதைன்னு சொன்னாலும் இதுல விளையாட்டு நடந்தது ரொம்பக் கம்மி. மொத்தமா ஒரு நிமிஷம் கூட இருக்காது.

1909 செப்டம்பர் 18, சனிக்கிழமை. சிட்னி நகரத்துல மூர் பார்க் பக்கத்துல இருந்த விவசாயக் கண்காட்சி மைதானம். அன்னைக்கு சிட்னி ரக்பி லீக் சீசனோட ஃபைனல். சவுத் சிட்னி அணி ஜெர்சி போட்டுக்கிட்டு மைதானத்துல நிக்குது. ரெஃப்ரீயும் ரெடி. எதிர்ப்பக்கம் பார்த்தா காலி மைதானம். ஒருத்தர் கூட இல்ல. ஃபைனல்ல ஆட வேண்டிய பால்மெயின் அணி எங்கேன்னா, மைதானத்துக்கு வெளியில, கேட் பக்கத்துல நிக்குது. டிக்கெட் வாங்க வர்றவங்ககிட்ட “உள்ளே போகாதீங்க”ன்னு சொல்லிக்கிட்டு.

ரெஃப்ரீ விசில் ஊதறார். சவுத்ஸ் பந்தை உதைக்கிறாங்க. பிடிக்க ஆளில்ல. அவங்களே ஓடிப்போய் எடுத்து, கோட்டைத் தாண்டி வச்சு ஒரு ட்ரை. அவ்வளவுதான், சாம்பியன். இன்னைக்கு சவுத் சிட்னி கணக்குல 21 கோப்பை இருக்கு. ஆஸ்திரேலிய ரக்பி லீக்ல வேற எந்தக் கிளப்புக்கும் அவ்வளவு கிடையாது. அந்த 21-ல இந்த ஆளில்லாத ஆட்டமும் ஒண்ணு.

நம்ம தெரு கிரிக்கெட்ல வாக்ஓவர் சகஜம். ‘எதிர் டீம்ல ஏழு பேர்தான் வந்தாங்க, நாங்க ஜெயிச்சோம்’னு கப்போட போட்டோ எடுத்துப்போம். ஆனா ஒரு நகரத்தோட முக்கியமான போட்டியில, ஃபைனல்ல, ஆடத் தயாரா இருக்கிற ஒரு டீம் வேணும்னே வெளியில நிக்குதுன்னா, அதுக்குப் பின்னாடி கோபம் இருக்கணும். அந்தக் கோபம் எங்கிருந்து வந்ததுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோடு.

முதல்ல ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ரக்பியில ரெண்டு வகை. ரக்பி யூனியன்ல அணிக்கு 15 பேர், ரக்பி லீக்ல 13 பேர். பலரும் இது விதிமுறைச் சண்டையில பிரிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. இல்ல. இது சம்பளச் சண்டை.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல ரக்பியை நடத்தினவங்க வசதியான பள்ளிகள்ல படிச்ச கனவான்கள். ‘விளையாட்டுக்குக் காசு வாங்குறது கேவலம்’ங்கிறது அவங்க கொள்கை. அந்தக் கொள்கை வச்சுக்க வீட்ல காசு இருக்கணும், இல்லையா? வட இங்கிலாந்துல மில்லுலயும் சுரங்கத்துலயும் வேலை பார்த்தவங்க மேட்சுக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு. அந்தக் கூலியை மட்டும் ஈடு கட்டுங்கன்னு கேட்டாங்க. முடியாதுன்னு பதில் வந்தது. 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்டு ஊர்ல ஜார்ஜ் ஹோட்டல்ல வட பகுதி கிளப்புகள் கூடி, தனியாப் பிரிஞ்சு ‘நார்தர்ன் யூனியன்’ ஆரம்பிச்சாங்க. 13 பேர், புது விதிகள் எல்லாம் அப்புறம் வந்தது. பார்க்குறவங்களுக்கு ஆட்டம் விறுவிறுப்பா இருந்தாத்தான டிக்கெட் விக்கும்!

சிட்னியில இதே நெருப்பு பத்திக்க 12 வருஷம் ஆச்சு. 1907 ஜூலையில நியூ சவுத் வேல்ஸும் நியூசிலாந்தும் ஆடின ரக்பி யூனியன் மேட்சுக்கு சிட்னி கிரிக்கெட் மைதானத்துல 50,000-க்கும் மேல கூட்டம். டிக்கெட் வசூல் எவ்வளவு இருக்கும்னு மைதானத்துல ஆடின ஒவ்வொருத்தனும் மனசுக்குள்ள கணக்குப் போட்டிருப்பான். அதே வருஷம் அலெக் பர்டன்னு ஒரு ஆட்டக்காரர் மாநிலத்துக்காக ஆடும்போது காயம்பட்டு வேலைக்குப் போக முடியாம ஆனார். யூனியன் நஷ்டஈடு எதுவும் தரல. மைதானம் நிறைய காசு, அடிபட்டவன் கையில ஒண்ணுமில்ல. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தவங்க 1907 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஜார்ஜ் தெருவுல ஒரு ஹோட்டல்ல கூடினாங்க. நியூ சவுத் வேல்ஸ் ரக்பி ஃபுட்பால் லீக் அங்கதான் பிறந்தது.

யார் யார்? அரசியல்வாதி ஹென்றி ஹாய்ல் தலைவர். தொழில்முனைவர் ஜேம்ஸ் கில்டினன் செயலாளர். பொருளாளர் பேரைக் கேட்டா கிரிக்கெட் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவீங்க: விக்டர் டிரம்பர். ஆமா, அதே டிரம்பர். ஆஸ்திரேலியாவோட தொடக்க ஆட்டக்காரர், பிராட்மனுக்கு முந்தின தலைமுறையோட ஹீரோ. சிட்னியில அவர் ஒரு விளையாட்டுப் பொருள் கடை வச்சிருந்தார். அந்தக் கடைதான் இவங்க ரகசியமாக் கூடிப் பேசுற இடம்.

ரெண்டே வாரத்துக்குள்ள, நியூசிலாந்துலேர்ந்து ஆல்பர்ட் பாஸ்கர்வில்ங்கிற தபால் துறை எழுத்தர் ஒருத்தர் திரட்டின அணி இங்கிலாந்து போற வழியில சிட்னியில இறங்கி ஆடுச்சு. காசு வாங்கி ஆடுறாங்கன்னு கிண்டலா பத்திரிகைகள் ‘ஆல் பிளாக்ஸ்’ பேரை மாத்தி ‘ஆல் கோல்ட்ஸ்’னு எழுதின டீம் இதுதான். வேடிக்கை என்னன்னா, புது ஆட்டத்தோட விதிமுறைப் புத்தகம் இவங்க கையில இன்னும் வந்து சேரல. அதனால ரக்பி லீக்கைத் தொடங்கி வச்ச அந்த மேட்சுகளை பழைய ரக்பி யூனியன் விதியிலயே ஆடினாங்க. டாக்குமெண்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே ரிலீஸ். நம்மளும் பண்ணாத வேலையா?

1908 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கள். முதல் சீசன் ஆரம்பம். கிளெபி, நியூடவுன், சவுத் சிட்னி, பால்மெயின், ஈஸ்டர்ன் சபர்ப்ஸ், வெஸ்டர்ன் சபர்ப்ஸ், நார்த் சிட்னி, கொஞ்சம் தள்ளி இருக்கிற நியூகாசில், கடைசியா வந்து சேர்ந்த கம்பர்லண்ட். ஆகஸ்ட் 29-ஆம் தேதி நடந்த ஃபைனல்ல சவுத் சிட்னி 14–12-னு ஈஸ்டர்ன் சபர்ப்ஸை ஜெயிச்சது.

இந்தக் கிளப்புகளை இன்னைக்கு ஐபிஎல் டீம் மாதிரி கற்பனை பண்ணக்கூடாது. இவங்க பேட்டைக்காரங்க. அந்தந்த நகர்மன்றக் கட்டடத்துல ஊர்க்கூட்டம் போட்டு ஆரம்பிச்ச கிளப்புகள். சவுத் சிட்னின்னா ரெட்ஃபெர்ன் பேட்டை. பால்மெயின்னா துறைமுகத்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு தீபகற்பம், மார்ட்ஸ் டாக் கப்பல் பட்டறை, நிலக்கரிச் சுரங்கம். தொழிற்சங்கம் வேர் விட்ட மண். ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி எங்க தெருவுலதான் பிறந்துச்சுன்னு பால்மெயின்காரங்க இன்னைக்கும் சொல்லிக்கிறாங்க. நம்ம ஊர்ல வடசென்னை பேட்டைகளுக்கும் கால்பந்துக்கும் பாக்சிங்குக்கும் இருக்கிற உறவை யோசிச்சுக்கோங்க. கிட்டத்தட்ட அந்த உறவு. வாரம் முழுக்க பட்டறையில வேலை, சனிக்கிழமை மேட்ச், வசூல்ல ஒரு பங்கு. முழுநேரத் தொழிலும் கிடையாது, சும்மா பொழுதுபோக்கும் கிடையாது.

பால்மெயினை ஞாபகம் வச்சுக்கோங்க. கேட் பக்கத்துல நின்னு ‘உள்ளே போகாதீங்க’ன்னு சொல்றதுக்கு ஆங்கிலத்துல ஒரு பேர் இருக்கு, பிக்கெட்டிங். இந்தப் பேட்டைக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

இப்ப காசு விஷயத்துக்கு வருவோம்.

முதல் சீசன் முடிஞ்ச கையோட கில்டினன் ஒரு பெரிய சூதாட்டம் ஆடினார். நட்சத்திர ஆட்டக்காரர் டாலி மெசஞ்சர் உட்பட முதல் ‘கங்காரு’ அணியைக் கூட்டிக்கிட்டு இங்கிலாந்து போனார். 40-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். ஜெயிச்சதை விடத் தோத்தது அதிகம். அந்தக் குளிர்காலத்துல வட இங்கிலாந்துல பஞ்சாலைத் தொழிலாளர் தகராறு வேற, டிக்கெட் வாங்க மக்கள் கையில காசில்ல. சுற்றுப்பயணம் நஷ்டம், கில்டினன் திவால். ஆட்டக்காரங்க ஊர் திரும்புறதுக்கு நார்தர்ன் யூனியன் உதவி பண்ண வேண்டியதாப் போச்சு. சிட்னியிலயும் நிலைமை மோசம். 1909 தொடக்கத்துல, கணக்கு வழக்கு சரியில்லைன்னு ஹாய்ல், கில்டினன், டிரம்பர் மூணு பேரையும் பதவியிலேர்ந்து தூக்கிட்டாங்க. ஆரம்பிச்ச மூணு பேரும் வெளியே, கம்பெனி இன்னும் உள்ளே. ஸ்டார்ட்-அப் உலகத்துல இருக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான்.

இன்னொரு பக்கம் ரக்பி யூனியனுக்கு அந்த வருஷம் கொண்டாட்டம். அவங்க ‘வாலபீஸ்’ அணி 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கிட்டு வந்திருக்கு. (ஒலிம்பிக் ரக்பியில மொத்தமே ரெண்டு டீம்தான், இன்னொண்ணு கார்ன்வால். 32–3-னு முடிஞ்சது. தங்கம் தங்கம்தான்.) சிட்னி மக்களோட பாசம் யார் பக்கம் போகும்?

இந்த இடத்துல என்ட்ரி கொடுக்கிறார் ஜேம்ஸ் ஜாய்ன்டன் ஸ்மித். ஹோட்டல், பொழுதுபோக்கு, குதிரைப் பந்தயம்னு பல தொழில் பண்ணின ஆள். பிற்காலத்துல சிட்னி மேயர், ‘சர்’ பட்டம் எல்லாம் வாங்கினவர். அவர் கண்ணுக்குத் தெரிஞ்சது ரொம்ப எளிமையான ஒரு போஸ்டர்: கங்காருஸ் எதிர் வாலபீஸ். ரெண்டு ஆட்டத்தோட தேசிய அணிகளும் ஒரே மைதானத்துல. தங்கம் ஜெயிச்ச வாலபீஸ் ஆட்டக்காரங்களுக்குத் தன் கைக்காசைக் கொடுத்து ரக்பி லீக் பக்கம் இழுத்தார். ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, 14 பேர். ஒலிம்பிக் ஃபைனல்ல கேப்டனா இருந்த கிறிஸ் மெக்கிவட் உட்பட. அவங்க எல்லாருக்கும் யூனியன்ல ஆயுள் தடை.

1909 செப்டம்பர் 4-ஆம் தேதி முதல் ஆட்டம். கங்காருஸ் 29–26. இதை விட நல்ல ட்ரெய்லர் கிடைக்குமா? மொத்தம் நாலு ஆட்டங்கள். நாலாவது ஆட்டம் செப்டம்பர் 18.

தேதி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?

லீக் நிர்வாகம் அன்னைக்கே, அதே மைதானத்துல, பிரீமியர்ஷிப் ஃபைனலையும் வச்சது. எப்படி? பெரிய ஆட்டத்துக்கு முன்னோட்டமா. அதாவது கூட்டம் வந்து உட்காரும் வரைக்கும் ஒரு கர்ட்டன் ரெய்சர். மார்கழி சீசன்ல சபாவுல மதியம் கேன்டீன்ல கூட்டம் நிக்கும்போது உள்ளே ஜூனியர் கச்சேரி நடக்குமே, அந்த ஸ்லாட். சீசன் முழுக்க ஆடி முதல் ரெண்டு இடத்தைப் பிடிச்ச சவுத் சிட்னிக்கும் பால்மெயினுக்கும் லீக் கொடுத்த மரியாதை அதுதான்.

பால்மெயின் கொதிச்சது. அவங்க வாதத்துல ரெண்டு அடுக்கு இருக்கு. ஒண்ணு மானம்: இது இந்த நகரத்தோட சாம்பியன்ஷிப், இதைத் தனியா ஒரு நாள்ல நடத்துங்க. இன்னொண்ணு காசு: அன்னைக்கு மைதானம் நிறையப்போறது வாலபீஸைப் பார்க்க, அந்த ஏற்பாட்டுக்குப் பின்னாடி ஒரு பணக்காரரோட முதலீடு இருக்கு. எங்க ஆட்டத்தை அதுக்கு ஏன் இலவச இணைப்பா கொடுக்கணும்? வசூலோட பங்குலேர்ந்துதான் கிளப்பும் ஆட்டக்காரனும் பிழைக்கணும்ங்கிற காலம் அது. இது வெறும் ஈகோ பிரச்சினை கிடையாது.

லீக் அசையல. பால்மெயின் வரமாட்டோம்னு முடிவு பண்ணுச்சு.

இதுக்கு மேலதான் இந்தக் கதையோட முள். ‘சவுத் சிட்னியும் எங்களோட ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு கிளப்பும் சேர்ந்து ஆட மறுக்குறதுன்னுதான் பேச்சு’ங்கிறது பால்மெயின் தரப்பு. ‘அப்படி ஒரு பேச்சே இல்ல’ங்கிறது சவுத்ஸ் தரப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் கிடையாது. வாய் வார்த்தை. ஆனா சனிக்கிழமை மதியம் ஒரு டீம் கேட்டுக்கு வெளியே நின்னது, இன்னொரு டீம் உள்ளே போச்சு. நூறு வருஷம் தாண்டியும் பால்மெயின் குடும்பங்கள்ல சவுத்ஸ் பேரைச் சொன்னா முதல்ல வர்ற வார்த்தை துரோகம்.

என் கருத்தைக் கேட்டா: வாய் ஒப்பந்தம் இருந்ததோ இல்லையோ, பால்மெயினோட கோபம் நியாயமானது, அவங்க கேட்டதும் பெரிசா ஒண்ணுமில்ல. ஒரு வாரம் தள்ளி வைக்கிறதுல லீக்குக்கு என்ன குடி முழுகிப் போகும்? அதே சமயம் சவுத்ஸை வில்லனாக்கவும் எனக்கு மனசு வரல. அவங்களும் ரெட்ஃபெர்ன் தொழிலாளிகள்தான். நடப்புச் சாம்பியன் வேற. நிர்வாகம் தேதி குடுத்தது, போய் நின்னாங்க. உள்ளே போறது, போகாம நிக்கிறதுங்கிற முடிவை ரெண்டு ஏழைக் கிளப்புகளோட தலையில வச்சுட்டு, சண்டையை அவங்களுக்குள்ள திருப்பிவிட்டது லீக் நிர்வாகம். அதைப் பத்தி யாரும் பாட்டு கட்டல, பாருங்க. நூறு வருஷப் பகை ரெண்டு பேட்டைக்கு நடுவுல மட்டும்தான்.

ஆனா கதையை இங்கேயே ஒரு பக்கச் சார்பா முடிச்சா அது ஏமாத்து வேலை. ஜாய்ன்டன் ஸ்மித்தோட காசு வேலை செஞ்சுது. வாலபீஸ் 14 பேர் வந்த அடியில ரக்பி யூனியன் சிட்னியில ஆட்டம் கண்டது. அடுத்த வருஷம், 1910-ல, இங்கிலாந்துலேர்ந்து நார்தர்ன் யூனியன் அணி சுற்றுப்பயணம் வந்தப்ப ரக்பி லீக்தான் ஊரோட பெரிய ஆட்டம். மெக்கிவட் 1911–12-ல கங்காரு அணிக்குக் கேப்டனா இங்கிலாந்து போய் ஆஷஸ் ஜெயிச்சுட்டு வந்தார். ஜாய்ன்டன் ஸ்மித் லீக்குக்கே தலைவர் ஆனார். திவாலாகிக் கிடந்த ஒரு போட்டி நின்னு நிலைச்சதுக்கு அந்தச் செப்டம்பர் மாச ஆட்டங்கள் பெரிய காரணம். பால்மெயின் உட்பட எல்லாக் கிளப்பும் அந்தப் பணத்துல பிழைச்சதுதான். தொழிலாளிகளுக்காகத் தொழிலாளிகள் ஆரம்பிச்ச ஆட்டம்னு பெருமையாச் சொல்லிக்கிற ரக்பி லீக்கை, அதோட ரெண்டாவது வயசுலேயே காப்பாத்தினது ஒரு முதலாளியோட செக் புத்தகம்.

ஜாய்ன்டன் ஸ்மித்தோட கதையில இன்னொரு கிளை இருக்கு, எனக்கு இந்த எபிசோடுலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி. 1919-ல அவர் ‘ஸ்மித்ஸ் வீக்லி’ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். அதை நடத்த ரெண்டு பத்திரிகையாளர்களைச் சேர்த்துக்கிட்டார், பிற்பாடு அவங்களுக்குப் பங்கும் கொடுத்தார். அதுல ஒருத்தர் பேர் ராபர்ட் கிளைட் பேக்கர். பேக்கர் குடும்பத்தோட ஊடக சாம்ராஜ்யத்துக்கு அதுதான் விதை. அவரோட பேரன் கெரி பேக்கர். 1977-ல உலகத்தோட சிறந்த கிரிக்கெட் வீரர்களுக்கு ரகசியமாக் காசு கொடுத்து இழுத்து, ‘வேர்ல்டு சீரிஸ் கிரிக்கெட்’ நடத்தி, கலர் ஜெர்சியும் ராத்திரி ஆட்டமும் பழக்கப்படுத்தின அதே கெரி பேக்கர். அவருக்கு முன்னாடியே இந்த வித்தையைச் செஞ்சு காட்டினவர்கிட்டதான் அவங்க தாத்தா பங்குதாரரா இருந்தார்.

பால்மெயினுக்கு முதல் கோப்பை கிடைக்க 1915 வரைக்கும் ஆச்சு. அப்புறம் வரிசையா மூணு வருஷம் அவங்கதான். 1909-க்கு 60 வருஷம் கழிச்சும் ரெண்டு கிளப்பும் ஃபைனல்ல மோதினாங்க. 1969 கிராண்ட் ஃபைனல், சிட்னி கிரிக்கெட் மைதானம். 1967, 68 ரெண்டு வருஷமும் ஜெயிச்ச சவுத் சிட்னி ஒரு பக்கம், யாரும் மதிக்காத பால்மெயின் மறுபக்கம். 11–2-னு பால்மெயின் ஜெயிச்சது. ஆட்டத்தோட வேகத்தைக் கெடுக்க பால்மெயின்காரங்க அடிபட்ட மாதிரி அடிக்கடி படுத்துக்கிட்டாங்கன்னு சவுத்ஸ் ஆளுங்க இன்னைக்கும் புலம்புறாங்க. அந்தப் புலம்பலைக் கேட்டா பால்மெயின்காரங்க 1909-ங்கிற நாலு எண்ணை மட்டும் பதிலாச் சொல்லுவாங்க போல. தனிக் கிளப்பா பால்மெயின் வாங்கின கடைசிக் கோப்பையும் அதுதான். 1999-ல வெஸ்டர்ன் சபர்ப்ஸோட இணைஞ்சு ‘வெஸ்ட்ஸ் டைகர்ஸ்’ ஆயிட்டாங்க.

அதே 1999-ல, ஊடக முதலாளிகளோட சண்டைக்கு அப்புறம் அணிகளைக் குறைக்கிறோம்னு சொல்லி சவுத் சிட்னியைப் போட்டியிலேர்ந்தே வெளியே தள்ளினாங்க. காசு கணக்குக்கு நீங்க சரிப்பட மாட்டீங்கன்னு இந்தத் தடவை சொல்லப்பட்டது சவுத்ஸ்கிட்ட. 2000 நவம்பர்ல சுமார் 80,000 பேர் சிட்னி தெருவுல ஊர்வலம் போனாங்க. 2001-ல கோர்ட் தீர்ப்பு அவங்க பக்கம் வந்தது, 2002-ல திரும்ப ஆட வந்தாங்க. 2014-ல 21-ஆவது கோப்பை.

அந்த விவசாயக் கண்காட்சி மைதானம் இப்ப சினிமா ஸ்டூடியோவும் கடைகளும் ஆயிடுச்சு. திவாலான கில்டினன் பேர்ல ஒரு கேடயம் இருக்கு, ஒவ்வொரு வருஷமும் புள்ளிப் பட்டியல்ல முதலிடம் பிடிக்கிற அணிக்குக் கொடுக்கிறாங்க. சிட்னி போறவங்க யாராவது பால்மெயின் பக்கம் ஏதாவது பப்ல உட்கார்ந்தா, பக்கத்து மேஜைப் பெரியவர்கிட்ட 1909 பத்தி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. மதியத்துக்கு மேல வேற வேலை எதுவும் வச்சுக்காதீங்க.